மஞ்சள் களமும் தங்கச்சியும்

பிப்ரவரி 8
மஞ்சள் வேக வெச்சுக் களத்துல கொட்டியாச்சு. இந்த வருசம் தங்கச்சி அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு தோல் டாக்டர் சொல்லிட்டாருங்க. லூபஸ். ஒடம்போட எதிர்ப்புச் சக்தி சொந்த ஒடம்பையே தாக்கற நோய், வெயில் பட்டா கூடும். ரெண்டு கன்னமும் மூக்குத்தண்டும் செவந்து கிடக்குது. மூக்கோரத்துல இருந்து வாயோரம் இறங்குற மடிப்பு மட்டும் தப்பிச்சிருக்குது. அந்த மடிப்பைப் பார்த்துத்தான் டாக்டருக்குச் சந்தேகமே வந்துச்சு. அம்மிச்சி இன்னமும் "சூட்டு ஒடம்பு, எளநி குடி கண்ணு"ன்னுதான் சொல்லுது.

பிப்ரவரி 11
டாக்டர் விளக்கினதை மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சுக்கறேன். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டா மேல்தோல் செல்கள்ல கொஞ்சம் சாகும். அது எல்லாருக்கும் நடக்கறதுதான். ஒடம்பு அதை உடனே அள்ளிரும். லூபஸ் இருந்தா அள்ளறது தாமதமாகுது. செல்லுக்குள்ள இருக்க வேண்டிய 'ரோ' புரதம் மேல்பரப்புக்கு வந்துருது. இவ ரத்தத்துல அதுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், ஏற்கனவே சுத்திட்டு இருக்குது, போய் ஒட்டிக்குது. கூடவே தோல் செல்களே இன்டர்ஃபெரான்ங்கற எச்சரிக்கைப் புரதத்தை அதிகமா விட, வெள்ளணுக்கள் திரண்டு வந்து நல்ல செல்லையும் தாக்குது.

தோல்ல செவப்புத் தடிப்பு அன்னிக்கே வரணும்னு இல்ல. வெயில் பட்டு வாரங்கழிச்சும் வரும். "நேத்து வெயில்ல நின்னேன், ஒண்ணும் ஆகலியே"ன்னு பல பேர் அசட்டையா இருந்துடறது இதனாலதான்.

பிப்ரவரி 17
லூபஸ் வந்தவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் பொம்பளைங்க, அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெத்துக்கற வயசுல. ஆய்வகத்துல வளர்த்த தோல் செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனைக் கொடுத்தப்ப ரோ ஆன்டிபாடி இன்னும் அதிகமா ஒட்டிச்சு. ஆனா ஹார்மோன் மட்டுமே காரணமில்ல. நோயே இல்லாத பெண்கள் தோல்லகூட எதிர்ப்புச் சக்தி மரபணுக்களைத் தூண்டி விடற விஜிஎல்எல்3ங்கற புரதம் ஆண்களைவிடக் கூடுதலா இருக்குன்னு 2016ல மிச்சிகன் ஆய்வாளர்கள் காட்டினாங்க. பெண்களுக்கு ரெண்டு இருக்கற எக்ஸ் குரோமோசோமுக்கும் பங்கு இருக்குது.

சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து "ஒரு பிள்ளை பெத்தா சரியாயிரும்"னு சொன்னாங்க. எனக்குப் பொறுக்கல. நோய் ஆறு மாசமாவது அடங்கி இருந்தப்புறம்தான் கர்ப்பத்தையே யோசிக்கணும். ரோ ஆன்டிபாடி குழந்தையோட இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். லூபஸுக்குக் கொடுக்கற ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அந்த ஆபத்தைக் குறைக்குது, கர்ப்பத்துலயும் நிறுத்தக்கூடாது. பேசறவங்களுக்கு இதுல ஏதாச்சும் தெரியுமா?

பிப்ரவரி 26
காட்டு வேலைக்குப் போற நம்ம பொம்பளைங்க சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்கறாங்கல்ல, அதேதான் இவளுக்கும். துணியை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து வாங்கினேன், அடர்த்தியா நெய்தது. முகம், கழுத்துக்கு சன்ஸ்கிரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. கண்ணாடி ஜன்னல் புற ஊதாக் கதிர்ல யுவிபிங்கற வகையைத்தான் தடுக்கும், யுவிஏங்கற வகை உள்ள வந்துரும். அதனால ஜன்னலோர மேசையையும் நகர்த்தியாச்சு.

மார்ச் 4
எடை போடறது, கணக்கு எழுதறதெல்லாம் பொழுது சாஞ்சப்புறம் இவ பொறுப்பு. மஞ்சளைக் கிளறி விடறதை மாமன் பார்த்துக்கறாரு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் நாள்பட விழித்திரையைப் பாதிக்கலாம்ங்கறதால கண் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை தேதி வாங்கியாச்சு. விழித்திரையை இப்பவே ஒருதரம் பார்த்து வெச்சுக்கணுமாம்.