ஃபிரெட்லெஸ் பேஸுக்கு நெக் பார்க்கிற வேலை

கிட்டார் பழுது பார்க்கும் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபிரெட்லெஸ் பேஸுக்கு, அதாவது ஃபிரெட் என்கிற உலோகக் கம்பிகள் நெக்கில் குறுக்கே பதிக்காத பேஸ் கிட்டாருக்கு, வாசிக்கத் தோதாக செட்டப் செய்வது. சென்னையில் இந்த வேலை அடிக்கடி வராது. ரெக்கார்டிங்குக்குப் போகிறவர்கள் கொண்டுவருவார்கள், சர்ச்சில் வாசிக்கும் இளைஞர்கள் கொண்டுவருவார்கள். வந்துவிட்டால் அன்றைக்கு மேஜையில் வேறு எதையும் வைக்க மாட்டேன். சாதாரண பேஸில் தந்தி இரைந்தால் அது குறை. எந்த ஃபிரெட்டில் இடிக்கிறது என்று பார்த்து நீக்கிவிட்டால் வேலை தீர்ந்தது. ஃபிரெட்லெஸ்ஸில் அந்த இரைச்சலில்தான் நாதத்தின் உயிரே இருக்கிறது. அழுத்திய விரலுக்கு முன்னால் தந்தி, நெக்கின்மேல் இருக்கும் விரல் பலகையை மெல்ல உரசியபடி அதிர்கிறது. ‘ம்வா’ என்று குரல்போல விரியும் அந்த ஓசை அங்கிருந்துதான் பிறக்கிறது. எவ்வளவு உரசவிடுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் எங்கள் வேலை.

எலக்ட்ரிக் பேஸில் இந்த வகைக்கு வயது அதிகமில்லை. ஆம்பெக் கம்பெனி 1966இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஃபெண்டர் கம்பெனி 1970இல். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் 1962ஆம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸை ஃபிரெட் இல்லாமல், பலகைமேல் எபாக்ஸி பிசின் பூசி வாசித்த வாசிப்பைக் கேட்டுத்தான் பலருக்கு இதன்மேல் ஆசை வந்தது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது இன்னும் நெருக்கம். வீணையில் தந்தியை இழுத்துக் கொண்டுவருகிற வளைவை இதில் விரலை வழுக்கியே கொண்டுவந்துவிடலாம்.

சமீபத்தில் ஒரு தம்பி சாதாரண நாலு தந்தி பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு எங்கோ ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, அந்தக் காடிகளில் மெல்லிய மரச்சில்லு வைத்து அடைத்திருந்தார்கள். அடைப்பு நேர்த்தியாகவே இருந்தது. “அண்ணா, ஆக்‌ஷன் ரொம்ப மேல இருக்கு. நெக்கைக் கொஞ்சம் டைட் பண்ணி இறக்கிக் குடுங்க” என்றார். பலகைக்கு மேலே தந்தி நிற்கும் உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம்.

“முதல்ல வாசிங்க தம்பி, பாக்கறேன்” என்றேன்.

வாசிப்பதைப் பார்க்காமல், நெக்கைத் திருத்துகிற ஆலன் கீயைத் தொட மாட்டேன். வலது கை எவ்வளவு பலமாக மீட்டுகிறது, தந்தி பாடியில் முடிகிற பிரிட்ஜ் பக்கமா, நெக் பக்கமா என்பதைப் பொறுத்தே தந்திக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அமையும். இவர் பிரிட்ஜ் ஓரமாக, மென்மையாக மீட்டுகிற கை. அப்படிப்பட்டவருக்குத் தாராளமாக இறக்கலாம்.

நெக்கை டைட் பண்ணி ஆக்‌ஷனை இறக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். டைட் பண்ணுவது என்றால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்குவது. அது அதற்கானது இல்லை. நாலு தந்தியும் சுருதியில் நிற்கும்போது நெக்கின்மேல் விழும் இழுப்பு சுமார் 75 கிலோ. அந்த இழுப்புக்கு எதிராக நின்று, நெக் எவ்வளவு வளையலாம் என்று தீர்மானிப்பதுதான் ராடின் வேலை. அதை முறுக்கி உயரத்தைக் குறைக்கப் பார்த்தால் நெக்கின் தலைமாட்டில் தந்தியைத் தாங்கும் நட் பக்கம் ஓசை செத்துப்போகும், பாடியை ஒட்டிய மேல் ஸ்தானங்களில் உயரம் அப்படியே இருக்கும். அதனால் முதலில் வளைவு, பிறகு நட், பிறகு பிரிட்ஜ். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. சாதாரண பேஸில் நெக்கின் நடுவில் 0.3 மில்லிமீட்டர் வளைவு விடுவேன். ஃபிரெட்லெஸ்ஸில் 0.1 முதல் 0.2 வரை போதும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்பக்கூடாது. திருப்பிவிட்டு மரம் அடங்கக் காத்திருக்க வேண்டும்.

இந்த பேஸில் வளைவு சரியான பிறகும் மெல்லிய தந்தியான ஜி தந்தியில், பத்தாவது ஸ்தானத்தில், அதாவது பத்தாவது ஃபிரெட் இருந்த இடத்தில், அழுத்தினால் ஓசை அடைத்துக்கொண்டது. தந்தியைத் தளர்த்திவிட்டு, ஸ்டீல் ஸ்கேலைப் பலகைமேல் நேராக வைத்து, ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நெக் பாடியோடு சேரும் இடத்தில் ஸ்கேல் ஒட்டி நின்றது, அதற்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் மயிரிழையாகக் கசிந்தது. மேடு. ஃபிரெட் இருந்தவரை ஃபிரெட்டைத் தேய்த்து யாரோ சமாளித்திருப்பார்கள். ஃபிரெட்லெஸ்ஸில் பலகை முழுவதுமே ஃபிரெட் என்பதால் ஒளிக்க இடமில்லை. தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பில் தூள் நுழையாமல் டேப் ஒட்டிவிட்டு, பலகையின் வட்டத்துக்கேற்ற மரக்கட்டையில் 320 உப்புத்தாளைச் சுற்றி, நீளவாக்கில் மட்டும் இழுத்தேன். ஈட்டிப் பலகை; தேய்க்கத் தேய்க்க அந்த இனிய வாசம் அறை முழுக்கப் பரவியது. நாலு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதிகமாகப் போன மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அடுத்தது நட். ஃபிரெட்டைப் பிடுங்குகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற இடம் இது. ஃபிரெட் போனால் தந்திக்குக் கீழே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் காலியாகிவிடும், நட் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். அந்தத் தம்பிக்கு விரல் வலித்ததற்கும், முதல் ஸ்தானத்தில் சுருதி ஏறி ஒலித்ததற்கும் அதுதான் காரணம். தந்திக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு, நட்டில் தந்தி உட்காரும் வழிகளை அராவி இறக்கினேன். பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடில்கள் அடிமட்டத்தைத் தொட்டும் தந்தி போதுமான அளவு இறங்கவில்லை. நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் மெல்லிய மரச்சில்லு ஒன்றை வைத்து மாட்டியதும் இறங்கியது. பன்னிரண்டாவது ஸ்தானத்தில் ஜி தந்தியின் உயரம் 1.5 மில்லிமீட்டர், தடித்த ஈ தந்தியின் உயரம் 2.

அவரிடம் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஜி தந்தியில் ஓசை திறந்து, நீண்டு, கடைசியில்தான் விரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. ஈ தந்தியில் மட்டும், “அண்ணா, இதுல கொஞ்சம் ஜாஸ்தியா உரசுது” என்றார். எனக்கு அது அழகாகவே பட்டது. ஆனால் தினமும் கேட்கப்போவது அவர் காது. சேடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று ஏற்றினேன், சரியாகிவிட்டது என்றார். இந்த நேரத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் சொல்வதைவிட வாசிப்பவர் சொல்வதுதான் பெரிது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

சென்னையில் எந்த செட்டப்பும் வருடம் முழுக்க அப்படியே நிற்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் நீரை வாங்கும். ஏசி ஸ்டூடியோவில் நாள் முழுக்க வைத்தால் அதை விட்டு உலரும். எந்த நெக் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். அதனால் வளைவு, நாலு தந்தியின் உயரம், தந்தியின் தடிமன், மாதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உறையின் பையில் வைத்துவிடுவேன். இவருடையதிலும் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் பேஸோடு அந்தத் தாளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.