ஒற்றை நாற்றும் அப்பாவின் இருபது நாளும்

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சிங்கப்பூர் தேக்காவில் அரிசி என்ன விலை, மூட்டை கிடைக்குமா என்பதுதான் எங்கள் அறையில் பேச்சு. அதே வாரம் அப்பா போனில், "நெல்லு போட்டு என்னப்பா கண்டோம், குத்தகைக்கு விட்டுரலாம்" என்றார். மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர். விதைக்கு, உரத்துக்கு, டீசலுக்கு என்று ஒவ்வொரு சம்பாவுக்கும் இங்கிருந்து பணம் அனுப்பினேன், ஒரு வருடமும் அது முழுதாகத் திரும்பவில்லை. ஒரே ஒரு ஏக்கர் ஒற்றை நாற்று நடவு, நட்டம் வந்தால் என் பொறுப்பு என்று கெஞ்சிக் கெஞ்சித்தான் சம்மதம் வாங்கினேன்.

2024 செப்டம்பரில் மூன்று வாரம் லீவு போட்டுப் போனேன். அதே ஆந்திரா பொன்னிதான். வழக்கமாக ஏக்கருக்கு 30 கிலோ விதை விடும் அப்பா, பாய் மாதிரி மெல்லிசாக மண் பரப்பிய நாற்றங்காலில் 3 கிலோவைத் தூவிவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதினான்காம் நாள் நாற்றைப் பெயர்த்தோம், இரண்டு இலையும் அடியில் ஒட்டிய நெல்மணியும்தான். அதை மண்ணோடு அப்படியே எடுத்து, 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, அழுத்தாமல் வைக்க வேண்டும். கொத்தாக நட்டுப் பழகிய கைகளுக்கு இது லேசில் வரவில்லை, நடவுக்கூலி கூடத்தான் ஆனது. "ஒத்தப் பயிரு காத்துல நிக்குமா தம்பி?" என்று ஒரு அக்கா கேட்டார். மறுநாள் பார்த்தால் வயல் நடாத சேறு மாதிரிக் கிடந்தது. அப்பா டீக்கடைப் பக்கமே போகவில்லை.

நான் சிங்கப்பூர் திரும்பியதும் மழை. இரண்டு நாள் தண்ணீர் நின்றது, அப்பா வரப்பை வெட்டி வடித்துவிட்டு, அழுகிய இடத்தில் மிச்ச நாற்றை ஊன்றினார். அந்த இருபது நாள் அவர் வேறு பேச்சே பேசவில்லை. அப்புறம் கோனோ வீடர் என்ற களையெடுக்கும் கைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் தள்ளத் தள்ளப் பயிர் தூர் வெடித்துக் கிளைத்தது. ஒரு ராத்திரி வீடியோ காலில் ஒரே குத்தில் 38 தூர் எண்ணிக் காட்டினார், பக்கத்து வயலில் 14.

தண்ணீருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும். ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் பாய்ச்சுவது, பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. எப்போதும் தண்ணீர் கட்டிய வயலில் காற்றுப் புகாத சேற்றிலிருந்துதான் மீத்தேன் கிளம்புகிறது, காயவிட்டால் அது குறையும். அப்பாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம், எஞ்சின் ஓட்டும் நாள் பாதியாகக் குறைந்ததுதான் அவருக்குப் பெரிது.

அறுவடையில் மற்ற ஏக்கரைவிட மூன்று மூட்டைதான் அதிகம். விதையிலும் டீசலிலும் மிஞ்சியதுதான் உண்மையான லாபம், முதல் தடவையாக நான் அனுப்பிய பணத்தை அப்பா வங்கியில் திருப்பிப் போட்டார். அடுத்த சம்பாவுக்கு இரண்டு ஏக்கர் என்று அவரே சொல்லிவிட்டார். வீடர் தள்ளத்தான் ஆள் இல்லை, அறுபத்தைந்து வயதில் அவர் தள்ளக் கூடாது. மோட்டார் வைத்தது ஒன்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.