"டீ மட்டும்தான் குடிச்சேன் சிஸ்டர்"

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நோயாளியிடம் "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை சிஸ்டர்" என்றே பதில் வரும். அது பொய்யல்ல. நம் ஊரில் சாப்பாடு என்றால் இட்லியோ சோறோதான். விடிகாலையில் குடித்த டீ அந்தக் கணக்கில் சேராது. "கடைசியா வாயில என்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்க வேண்டும். டீ, ஹார்லிக்ஸ், பிஸ்கட் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பால் வயிற்றுக்குள் திரிந்து கட்டியாவதால் பால் கலந்த டீக்கும் மயக்க மருந்துக்கும் நடுவில் 6 மணி நேர இடைவெளி வேண்டும். பரோட்டா, பிரியாணிக்கு 8 மணி நேரம். குழந்தை குடித்த தாய்ப்பாலுக்கு 4. வெறும் தண்ணீருக்கு 2. மயக்கத்தில் இருமல் வராது என்பதால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். பட்டியலில் நான்காவதாக இருக்கும் பாட்டியை மதியம் ஒரு மணிக்குத்தான் அழைப்பார்கள். அதற்குள் 15 மணி நேரம் நாக்கு வறண்டு கிடப்பார். ஊசி போட நரம்பு கிடைக்காது, முதுகில் மரப்பு ஊசி போட்டதும் பி.பி. சரேலென்று இறங்கும். மயக்க மருத்துவரைக் கேட்டுத் தண்ணீர் நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொடுப்பது நர்ஸ்களான நம் வேலை.

மாத்திரைகளின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அட்டையையே கொண்டுவரச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை அவற்றில் இருக்கலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல் போய்விட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நகப்பூச்சை அழிக்க வேண்டும், மெட்டியைக் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லும்போது முகம் வாடும். அவரே அதை வீட்டுக்காரர் கையில் கொடுக்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். அந்த நிமிடத்தை மிச்சப்படுத்தி எதுவும் ஆகப்போவதில்லை.

அறுவை முடிந்து நோயாளி வார்டுக்குத் திரும்பி வந்ததும் முதல் மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை பல்ஸும் பி.பி.யும் பார்ப்பது வழக்கம். ரத்தக்கசிவில் பல்ஸ்தான் முதலில் ஏறும், பி.பி. விழுவது பிறகுதான். 84, 96, 112 என்று பல்ஸ் ஏறும்போதும் பி.பி. 110/70-லேயே நிற்கலாம். கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது வலியால் வந்த ஏற்றமாகத் தோன்றும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் வரும். டிரெஸ்ஸிங் மேலே காய்ந்திருந்தாலும் இடுப்புக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், ரத்தம் பள்ளம் பார்த்துத்தான் ஓடும். உள்ளே சேர்வதைக் குழாய் வழியாக வடியவிடும் டிரெயின் பையில் ரத்தம் இல்லையென்றும் நிம்மதி அடையக்கூடாது. குழாய் கட்டியால் அடைத்திருக்கலாம்.

சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும்; 50 கிலோ உள்ளவருக்கு 25 மில்லி. சிறுநீர் சேரும் பை காலியாக இருந்தால் முதலில் சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் போடாதவர் சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறார் என்றால் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம்.

"வலி இருக்கா?" என்ற கேள்விக்கும் "பரவாயில்ல சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒருமுறை இருமச் சொல்லுங்கள், முகமே சொல்லிவிடும். வலிக்குப் பயந்து மூச்சை இழுக்காதவருக்குச் சளி தேங்கும். மருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே எழுப்பி உட்கார வையுங்கள்.

வயிற்று அறுவைக்குப் பின் ஐந்தாம் நாளையொட்டி, டிரெஸ்ஸிங் திடீரென்று இளஞ்சிவப்பு நீரில் நனைந்தால் அதைச் சாதாரணக் கசிவென்று மாற்றிக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். உள்தையல் விட்டுப்போவதன் அறிகுறி அது. குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக்கூடாது. முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, சலைனில் நனைத்த ஸ்டெரைல் துணியால் மூடி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோயாளி மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியவர். கடைசியாக வாயில் என்ன போட்டார், எத்தனை மணிக்கு என்று அப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.