டர்பனில் ஒரு தீபாவளி அழகுப் பக்கம் அச்சேறும் வரை

வண்ண மாத இதழ் என்றால் தீபாவளிப் பக்கத்துக்கான வேலை ஜூலையிலேயே தொடங்கிவிடும். அப்போது வந்து குவியும் ஐரோப்பிய பிரஸ் ரிலீஸ்களில் பாதி, குளிருக்கு ஏற்ற கனமான க்ரீம்களைப் பற்றியவை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி, புழுக்கம் ஏறத் தொடங்கும் காலம். அவற்றை யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம்.

கம்பெனிகளின் பிஆர் (மக்கள் தொடர்பு) ஆட்களிடம் "ஃபவுண்டேஷன் சாம்பிள் அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் நடுத்தர ஷேட்கள்தான் வரும். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பன் பகுதிகளான சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வாசகிகள் பலர் தேடும் பொன்மஞ்சள் சாயலுள்ள அடர்பழுப்பு அதில் இருக்காது. ஷேட் எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும். அந்த ஷேட் உள்ளூர்க் கடைக்கு வந்திருக்கிறதா, 15 சதவீத வாட் சேர்த்து உள்ளூர்ப் பணமான ராண்டில் என்ன விலை, எம்பார்கோ (செய்தியை வெளியிடக்கூடாது என்ற கட்டுப்பாடு) எந்தத் தேதி வரை என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் வெளியான ஷேட் எல்லாம் இங்கே இறக்குமதியாவதில்லை. பக்கத்தில் பார்த்த ஷேட் கடையில் இல்லையென்றால் வாசகி திட்டுவது கம்பெனியை அல்ல, நம்மை.

ஷேட் பார்ப்பது முன்கையின் உள்பக்கத்தில் அல்ல. வெயில் படாத அந்த இடம் முகத்தைவிட வெளுப்பு. தாடை ஓரத்தில் கழுத்துவரை இழுத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சருமத்தின் எண்ணெய் கலந்து காயும்போது சில ஃபவுண்டேஷன்கள் அடர்ந்துவிடும். பூசியவுடன் எழுதும் குறிப்பு அதனால்தான் பொய்யாகிறது. நம் சருமம் பலருக்கு வாயைச் சுற்றியும் நெற்றி ஓரத்திலும் கறுத்து, கன்னத்தில் வெளுத்திருக்கும். ஒரே ஷேட் முகம் முழுதுக்கும் பொருந்தும் என்று எழுதுகிறவர் நம் முகத்தைப் பார்த்ததில்லை என்றே அர்த்தம்.

மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்க்ரீனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மங்கை அடர்த்தியாக்குவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு) எண், ஒரு சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. ஃபவுண்டேஷனை யாரும் அவ்வளவு அப்புவதில்லை. ஆகவே "எஸ்பிஎஃப் உள்ள ஃபவுண்டேஷனே போதும்" என்ற வரி எங்கள் பக்கத்தில் வராது.

லேபிளில் மூலப்பொருள்கள் அளவு குறையும் வரிசையில் இருக்கும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். பாதுகாப்புப் பொருளான ஃபீனாக்சிஎத்தனால் பெரும்பாலும் 1 சதவீதத்தைத் தாண்டாது. விளம்பரத்தில் முழங்கும் மூலிகை அதற்கும் பின்னால் நின்றால், பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

சிவப்பழகு க்ரீம் விஷயத்தில் சலுகையே கிடையாது. தென்னாப்பிரிக்கா 1990-லேயே அழகுப் பொருள்களில் சருமத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்தது. "வெளுக்கும்" என்று விளம்பரம் செய்வதையும் சேர்த்துத்தான். இருந்தும் லேபிள் இல்லாத டப்பாக்கள் விற்பனையில் உண்டு. பிரஸ் ரிலீஸில் அந்தச் சொல் இருந்தால் அப்படியே எடுத்துப் போடக்கூடாது. சட்டப் பிரிவு கேட்கும் முன் நாமே கேட்டுவிட வேண்டும்.

மருதாணிப் படத்துக்கும் ஒரு எச்சரிக்கை. இலை மருதாணி முதலில் ஆரஞ்சாக இருந்து ஒன்றிரண்டு நாளில்தான் பழுப்பாகும். வைத்த சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் ஹேர் டையில் போடும் பிபிடி என்ற ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். கொப்புளம் வரலாம், ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு ஹேர் டையும் ஆகாது.

படப்பிடிப்பில் முதல் ஃப்ரேமிலேயே கிரே கார்டை (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) பிடித்து எடுத்தால் பிற்பாடு நிறத்தில் சண்டை வராது. சிலிக்கா பவுடரும் டைட்டானியம் டையாக்சைடும் ஃப்ளாஷில் மாநிறத்தைச் சாம்பல் பூசியதுபோல் காட்டும். ஃபோனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். உதட்டுச் சிவப்பை ரீடச்சிங்கில் ஏற்றக்கூடாது, அதுதானே வாசகி வாங்கப்போகும் நிறம்.

இதே படம் செய்தித்தாள் இணைப்புக்கும் போவதாக இருந்தால் கோப்பைத் தனியாகத் தயாரிக்க வேண்டும். பளபளப்புத் தாள் 300 சதவீதம் வரை மொத்த மையை (நான்கு நிற மைகளின் சதவீதங்களையும் கூட்டியது) தாங்கும். செய்தித்தாளுக்கு 240 தாண்டினால் சேறு. புள்ளிகள் தாளில் பரவி நடுத்தர நிறங்கள் கறுக்கும், பழுப்பு முகம்தான் முதலில் அடிபடும். நடு டோன்களைக் கொஞ்சம் தூக்கி, நிழல்களில் நீலத்தைக் குறைத்து அனுப்புவோம். ப்ரூஃபை (அச்சு மாதிரியை) அலுவலக ட்யூப்லைட்டில் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், 5000 கெல்வின் விளக்கின் கீழே உண்மையான லிப்ஸ்டிக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.