மாத்திரைக்குள் மறைந்த ஈஸ்னோபில்

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். தை மாதம் சம்பா அறுவடைக்கு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் தூசியும் நெல் சுணையும் திண்ணை வரை வரும், எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வீசிங் பிடித்து உட்கார்ந்தபடியே விடியும். மூன்று வருடம் இப்படித்தான். பக்கத்து கிளினிக்கில் நெபுலைசர் வைத்து ஐந்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள், அடங்கும், பத்து நாளில் திரும்ப வரும்.

போன வருடம் அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். வெள்ளையணு 11,500, அதில் ஈஸ்னோபில் (அலர்ஜியிலும் ஆஸ்துமாவிலும் கூடக்கூடிய ஒரு வகை வெள்ளையணு) 1 சதவீதம். அலர்ஜி இல்லை, மனசுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் வலிக்கிறது.

தஞ்சாவூரில் நுரையீரல் டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "ஏம்மா, ரத்தம் கொடுத்த அன்னைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம், மூன்றாவது நாள். ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்திலேயே ஈஸ்னோபில் ரத்தத்தில் குறைந்துவிடும், மொத்த வெள்ளையணு ஏறிவிடும், அதனால் அந்த 1 சதவீதத்தை நம்ப முடியாது என்றார். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

கோர்ஸ் முடிந்து நான்கு வாரம் கழித்து, காலையிலேயே போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன் (ஈஸ்னோபில் காலையில் குறைவாகவும் இரவில் கூடுதலாகவும் இருக்குமாம், அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது). வெள்ளையணு 9,200, ஈஸ்னோபில் 8 சதவீதம். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஈஸ்னோபில் எண்ணிக்கை 736. சதவீதத்தை மட்டும் பார்க்காதீங்க, இந்த எண்ணைப் பாருங்க என்று டாக்டரே பேனாவால் எழுதிக் காட்டினார்.

எலும்பு மஜ்ஜையில் உருவாகி ரத்தம் வழியாக மூச்சுக்குழாய்க்குப் போய், அங்கே தன்னிடமுள்ள புரதங்களைக் கொட்டி உள்சுவரைப் புண்ணாக்கி, சளியையும் வீக்கத்தையும் கூட்டுவது இந்த அணுதான். எல்லா ஆஸ்துமாவிலும் இது கூடியிருக்காது, என்னுடையதில் கூடியிருந்தது.

அப்புறம் யானைக்கால் பற்றிக் கேட்டார். கும்பகோணம் பக்கத்தில் ஒரு காலத்தில் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் ரத்தம் எடுத்துப் போனதை அத்தை சொல்லியிருக்கிறார். யானைக்காலை உண்டாக்கும் புழுவாலும் ஆஸ்துமா போலவே இரவு இருமலும் இளைப்பும் வரும், ஆனால் அதில் ஈஸ்னோபில் 3,000க்கு மேல் போகும், உங்களுக்கு அது இல்லை என்றார். குடல் புழுவுக்கு மலப் பரிசோதனையும் பார்த்தார், ஒன்றுமில்லை.

இப்போது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்து, காலை இரவு இரண்டு வேளை, இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். இதிலும் அடங்காவிட்டால் ஈஸ்னோபிலைக் குறைக்கும் மெபோலிசுமாப் போன்ற ஊசி இருக்கிறது, அதற்கு இந்த எண்ணையும் பார்ப்பார்களாம். எனக்கு அதுவரை போகவில்லை. இந்தத் தையில் மெஷின் ஓடியபோதும் படுத்துத் தூங்கினேன். ரிப்போர்ட் ஃபைலின் முதல் பக்கத்தில், கடைசியாக மாத்திரை சாப்பிட்ட தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.