சாம்பார் கரண்டியும் என் குதிகாலும்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்குவது போல வலிக்கும். பத்தடி நடந்தால் குறைந்துவிடும் என்பதால் நான்கு மாதம் கண்டுகொள்ளவில்லை. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவளுக்குக் கால் வலிக்காதா என்ன? வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையப் படிகளில் ஒரு நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். அன்று மாலையே பிசியோதெரபிக்குப் போய்விட்டேன்.

பிளாண்டார் ஃபேசியைட்டிஸ் என்றார் அந்தப் பெண். குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த பட்டையில் கோளாறு. அப்புறம் டிராயரிலிருந்து பிறை வடிவ எஃகுக் கருவி ஒன்றை எடுத்தார். எனக்கு அரிவாள்மணை ஞாபகம் வந்தது. ஆனால் விளிம்பு மழுங்கல்தான். தோலைச் சுரண்டிச் செய்யும் சீன வைத்தியமான குவா ஷாவுக்குத் தூரத்து உறவு போலிருக்கிறது.

தொடுவதற்கு முன் கேள்விகள்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, சர்க்கரையால் கால் மரத்துப்போகிறதா, நரம்பு சுருண்டிருக்கிறதா? எதுவும் இல்லை. கிரீம் தடவி, குதிகாலை விட்டுவிட்டுக் கெண்டைக்காலில் தொடங்கினார். கருவியைச் சாய்த்துப் பிடித்து நீளவாக்கில் இழுத்தபோது ஓரிடத்தில் நறநறவென்றது, சல்லடையில் குருணை உரசுவது போல. "எனக்கும் கையில தெரியுது மேடம்" என்றார். ஓரிடத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இவ்வளவுதானா என்று தோன்றியது. தப்பு அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் தடவி, சாம்பார் கரண்டியின் முதுகால் இருபது நிமிடம் அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் கெண்டைக்கால் நாவற்பழ நிறம்.

"வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு யார் மேடம் சொன்னாங்க?" ரத்தக்கட்டு தெளியும் வரை கருவியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். தேய்ப்பது தசையில் இருக்கும் முடிச்சு எதையும் உடைக்காதாம். கொஞ்ச நேரம் வலியைத் தணிக்கும், அந்த நேரத்தில் பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்துப் படி விளிம்பில் நின்று, மூன்று விநாடியில் குதிகாலைத் தூக்கி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். சலிப்பான வேலை. பாதி நாள் மறந்துபோவேன்.

மூன்று மாதமாகிறது. காலை முதல் அடியில் இப்போது ஆணி இல்லை. ரங்கநாதன் தெருவில் ஒரு சாயங்காலம் சுற்றினால் மட்டும் லேசாக எட்டிப்பார்க்கும்.

கரண்டியை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் குழம்புக்கு வேறு கரண்டிதான் தேடுகிறார்.