காலையில் போட்டால் சாயங்காலம் வரும் டிவி: பவர் சப்ளை போர்டைப் பழுது பார்த்தது

அத்தை வீட்டில் இருப்பது 32 இஞ்ச் எல்சிடி டிவி. 12 வருஷத்துக்கு மேல் ஓடிய செட். "சுவிட்ச் போட்டா சிவப்பு லைட்டு மினுக்குது, டிக் டிக்னு சத்தம் வருது, படம் மட்டும் வர மாட்டேங்குது" என்று போனில் சொன்னார். ஒரேயடியாக நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று கேட்டேன். பல மாதமாகவே ஆன் ஆக நேரம் எடுத்ததாம். முதலில் ஒன்றிரண்டு நிமிஷம், அப்புறம் கால் மணி நேரம், கடைசியில் "காலையில போட்டு வெச்சா சாயங்கால சீரியலுக்குத்தான் வருது". ஒருமுறை வந்துவிட்டால் ராத்திரி வரை அணையாமல் ஓடுமாம்.

பாதி நோய் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. பவர் சப்ளை போர்டில் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள்தடை ஏறிக்கொண்டே போகும். ஈஎஸ்ஆர் என்பது இதைத்தான். சூடு ஏறினால் அந்தத் தடை குறையும். அதனால்தான் இப்படிப்பட்ட செட் குளிர்ந்திருக்கும்போது அடம்பிடிக்கும், சூடான பிறகு ஒழுங்காக ஓடும். மெயின் போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள் என்று ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித் தூக்கிப் போடாமல் இருந்தது நல்லதாயிற்று.

பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, பிரைமரி பக்கம், அதாவது வீட்டுக் கரண்ட் நேராக வரும் பக்கம், இருக்கும் பெரிய கெபாசிட்டரை அளப்பது. 230 வோல்ட் ஏசி, அதை டிசியாக்கும் பிரிட்ஜைத் தாண்டும்போது சுமார் 325 வோல்ட் டிசி ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 2.2 கே (கிலோ ஓம்), 10 வாட் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் நன்றாக இன்சுலேட் செய்த வயர் வைத்திருக்கிறேன். அதைக் கொஞ்ச நேரம் பிடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகுதான் போர்டில் கை வைப்பேன்.

பியூஸ் நல்லாத்தான் இருந்தது. பிரிட்ஜிலும், சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டிலும் ஷார்ட் இல்லை. சீரிஸ் லாம்ப், அதாவது லைனில் தொடராக மாட்டிய பல்பு, வழியாகக் கரண்ட் கொடுத்தேன். இதற்குப் பழைய இழை பல்புதான் வேண்டும், எல்இடி பல்பு உதவாது. பல்பு பளிச்சென்று ஒருமுறை எரிந்து அடங்கியது. பெரிய கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது, பிரைமரியில் ஷார்ட் இல்லை என்று அர்த்தம். விடாமல் பிரகாசமாக எரிந்திருந்தால் கதையே வேறு.

அடுத்து செகண்டரி, டிவிக்கு வேண்டிய குறைந்த வோல்டேஜ் வெளியே வரும் பக்கம். மீட்டரின் கறுப்பு முனையை எந்த கிரவுண்டில் வைக்கிறோம் என்பது முக்கியம். பிரைமரியை அளக்க, பெரிய கெபாசிட்டரின் மைனஸ்தான் கிரவுண்ட். செகண்டரிக்கு டிவியின் இரும்புச் சட்டமே போதும். இரண்டையும் பிரிக்கும் கோடு பெரும்பாலான போர்டுகளில் அச்சிட்டே இருக்கும். ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் அந்தக் கோட்டின் மேல் பாலமாக உட்கார்ந்திருக்கும். மின் அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப் வைத்திருப்பவர்கள் அதன் கிளிப்பைத் தெரியாத்தனமாகக் கூட பிரைமரி கிரவுண்டில் மாட்டிவிடக் கூடாது.

டிவி ஆன் ஆகாதபோதும் வரும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் சரியாக இருந்தது. மெயின் போர்டுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, 5 வோல்ட்டிலிருந்து 1 கே ரெசிஸ்டர் வழியாக பவர் சப்ளையை ஆன் செய்யும் 'பிஎஸ் ஆன்' பின்னுக்கு இணைப்புக் கொடுத்தேன். 12 வோல்ட் லைனில் 12.1 காட்டியது. சுமை இல்லாமல் அளந்த இந்த எண்ணைப் பார்த்து, பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. மெயின் போர்டின் மேல் பழி விழுவதும் இப்படித்தான்.

சீரிஸ் லாம்ப்பை எடுத்துவிட்டு, 12 வோல்ட் லைனில் காரின் 21 வாட் பிரேக் லைட் பல்பை மாட்டினேன். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 9-க்குக் கீழே இறங்கியது. பல்பு எரிவதும் அணைவதுமாகத் துடித்தது, கூடவே அதே டிக் டிக் சத்தம். செகண்டரி கெபாசிட்டர்கள் பக்கம் ஹேர் டிரையரைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு வேகமெடுத்தது, பிறகு மங்கலாக நிலைத்தது, அப்புறம் முழு வெளிச்சத்துக்கு வந்தது. மீட்டரில் 11.8. சந்தேகம் உறுதியாவதைக் கண்ணால் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷமே தனி.

அந்த லைனில் 1000 மைக்ரோ ஃபேரட் 16 வோல்ட் கெபாசிட்டர்கள் இரண்டு, நடுவே ஒரு சின்ன காயில். காயிலுக்குப் பின்னால் இருந்தது தலை லேசாகப் புடைத்திருந்தது. முன்னால் இருந்தது பார்க்கப் புத்தம் புதுசு போல, தலை தட்டையாக இருந்தது. கழற்றி, சார்ஜ் இறக்கி, கம்போனென்ட் டெஸ்டரில் வைத்தால், புடைத்ததின் ஈஎஸ்ஆர் 0.9 ஓம், தட்டையானது 2.6 ஓம்! நல்ல நிலையில் இரண்டிலும் 0.05-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் தட்டையானதின் கொள்ளளவு 740 மைக்ரோ ஃபேரட் காட்டியது. கொள்ளளவை மட்டும் அளப்பவர் இதைப் பாஸ் போட்டிருப்பார். டயோடிலிருந்து வரும் அலையை முதலில் வாங்குவது காயிலுக்கு முன்னால் இருப்பதுதான். டயோடின் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கை ஒட்டியும் அது நின்றது. 10 டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலைட்டிக்கின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1000 மைக்ரோ ஃபேரட், 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் என்று கேட்டு வாங்கினேன். கடைக்காரரிடம் சொல்லி, அங்கேயே ஒவ்வொன்றையும் டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். வோல்டேஜ் கூடினால் உயரமும் கூடலாம் என்பதால் பழையதைக் கையோடு கொண்டுபோனது நல்லது, பின்மூடியில் இடிக்கக் கூடாது. மாட்டும்போது, கழற்றுமுன் எடுத்த போட்டோவோடு மைனஸ் பட்டையின் திசையை ஒப்பிட்டேன். புதியவற்றை ஹீட் சிங்க்கிலிருந்து ஒரு நூல் தள்ளியே நிறுத்தினேன்.

இப்போது பிரேக் லைட் பல்போடு 11.9, துடிப்பில்லை. மெயின் போர்டை இணைத்ததும் டிவி உடனே வந்துவிட்டது. பின்சுவரை ஒட்டி ஷோகேஸுக்குள் திணித்திருந்ததை, காற்றுப் போகும்படி முன்னால் இழுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டுக்குப் போகும் 24 வோல்ட் லைனின் கெபாசிட்டர்களையும் அளந்தேன். 0.06 ஓம்தான், அதனால் தொடவில்லை.

அடுத்து மேசைக்கு வந்திருப்பது எதிர்வீட்டு எல்இடி டிவி. அதில் பியூஸ் கண்ணாடி உள்ளே கறுத்திருக்கிறது. புது பியூஸ் போடுமுன் பிரிட்ஜையும் மாஸ்ஃபெட்டையும் பார்க்க வேண்டும்.